மூன்று மஞ்சள் வயரும் ஒரு கருகிய கப்ளரும்

போன மாரியில் என் மோட்டார் சைக்கிளுக்கு மூன்றாவது பற்றரியைப் பூட்டினேன். முதலாவது வயசு போய்ச் செத்தது. அதைக் குறை சொல்ல முடியாது. இரண்டாவது ஐந்து மாதம் தாங்கவில்லை. கராஜில் கேட்டால், "இப்ப வாற பற்றரியெல்லாம் இப்பிடித்தான்" என்றார்கள். நானும் தலையாட்டிவிட்டுக் காசைக் கொடுத்தேன். மூன்றாவதைப் போட்டு ஆறாவது வாரம், கல்முனைக்குப் போகிற வழியில் களுவாஞ்சிக்குடிச் சந்தியில் எஞ்சின் நின்றது. செல்ஃப் பட்டனை அமத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பின்னால் நின்ற பஸ்காரன் ஹோன் அடிக்க, நடுச்சந்தியில் நின்று கிக் அடித்தேன்.

அன்று பின்னேரம் காத்தான்குடியில் வயரிங் வேலை மட்டும் செய்கிற ஒரு காக்காவிடம் போனேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவோம். அவர் மீற்றரை எடுக்கவில்லை. சைட் கவரைக் கழற்றி, குனிந்து மணந்து பார்த்தார். பிறகு உள்ளே கையை விட்டு ஒரு கப்ளரை இழுத்து எடுத்தார். வெள்ளையாக இருக்கவேண்டிய அந்தப் பிளாஸ்டிக் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. மூன்று ஓட்டையில் ஒன்று உருகி மூடிப்போய், அதற்குள் போன மஞ்சள் வயரின் தோல் ஒரு விரலளவுக்குக் கறுத்துக் காய்ந்திருந்தது.

"பற்றரி பாவம் தம்பி. அதுக்குச் சோறு வந்து சேரல்ல. மறுகா எப்பிடி உழைக்கும்?"

கப்ளர் என்பது இரண்டு வயர்த் தொகுதிகளைக் கழற்றிப் பூட்டுவதற்காக இடையில் வைக்கும் பிளாஸ்டிக் சொக்கட். கையளவு கூட இல்லாத அது ஏன் கருகுகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சரிசெய்வது என்பதை மின்சாரம் படிக்காத ஒருவருக்கும் விளங்குகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன். 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்று, 2025இல்தான் வழி திறந்தது. அதனால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஓடுகிற பைக்குகளில் பெரும்பகுதி வயசு போனவை. அவற்றின் கப்ளர்களுக்கும் அதே வயசுதான்.

சார்ஜ் எங்கிருந்து வருகிறது

எஞ்சினின் ஒரு பக்க மூடிக்குள் காந்தம் பதித்த சக்கரம் ஒன்று சுற்றுகிறது. கராஜில் அதை 'மெக்னெட்' என்பார்கள். அதன் நடுவில் அசையாமல் இருக்கும் செப்புக்கம்பிச் சுருள்கள்தான் ஸ்டேற்றர். சுருளைச் சுற்றிக் காந்தம் ஓடினால் சுருளில் மின்சாரம் பிறக்கும். 1831இல் மைக்கல் பரடே கண்ட விஷயம் இது. சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான்.

அப்படிப் பிறப்பது ஆடலோட்டம். முன்னும் பின்னுமாகத் திசை மாறிக்கொண்டே இருக்கும், பற்றரிக்குள் அதை அப்படியே விட முடியாது. ஆகவே ஸ்டேற்றரிலிருந்து வருகிற வயர்கள் நேரே ரெகுலேற்றருக்குப் போகின்றன. செதில் செதிலாக அலுமினிய முதுகுள்ள அந்தப் பெட்டி இரண்டு வேலை செய்கிறது. உள்ளே இருக்கிற டயோட்கள், பள்ளிக்கூடத் தமிழில் இருவாயிகள், ஆடலோட்டத்தை நேரோட்டமாக்குகின்றன. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் வோல்ற்றளவு ஏறக்குறைய பதினாலரையைத் தாண்டாமல் பிடித்துவைப்பது மற்ற வேலை. அங்கிருந்து ஒரு சிவப்பு வயர் பியூஸ் வழியாகப் பற்றரியின் பிளஸ்ஸுக்குப் போகும்.

ஸ்டேற்றரிலிருந்து வருவது பல பைக்குகளில் மூன்று வயர். ஹொண்டா குடும்பத்தில் மூன்றும் மஞ்சள். வேறு கம்பனிகளில் மூன்றும் வெள்ளையாகவோ கறுப்பாகவோ இருக்கலாம். மூன்றுக்கும் ஒரே நிறம் கொடுத்ததற்குக் காரணம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். சின்ன, பழைய பைக்குகளில் மூன்று வயர் இருக்காது. சிலவற்றில் ஹெட்லைற்றே நேராக ஸ்டேற்றரிலிருந்து எரியும். முறுக்கினால் வெளிச்சம் கூடி, விட்டால் மங்குவது அந்தப் பைக்குகளுக்கு நோயல்ல, இயல்பு.

ஸ்டேற்றருக்கும் ரெகுலேற்றருக்கும் இடையில்தான் நம்முடைய கப்ளர் வருகிறது. எஞ்சினை இறக்கும்போது வயரை வெட்டாமல் கழற்றலாம் என்பதுதான் அதன் ஒரே பிரயோசனம். கரண்டைக் கேட்டால் அப்படி ஒன்று வேண்டவே வேண்டாம் என்றுதான் சொல்லும்.

பலாப்பழத் தோல்

கப்ளருக்குள் ஒரு தகடு இன்னொரு மடிப்புத் தகட்டுக்குள் நுழைந்து இறுகி நிற்கும். ஆண் பின், பெண் பின் என்பார்கள். கண்ணுக்கு இரண்டும் வழுவழுப்பாக, முழுக்க முட்டிக்கொண்டிருப்பது போலத் தெரியும். உண்மையில் அப்படியில்லை. இரண்டு பலாப்பழத்தைத் தோலோடு தோல் வைத்து அழுத்தினால் எவ்வளவு இடம் முட்டும்? முள் நுனியும் முள் நுனியும்தான். உலோகமும் நுணுக்கிப் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். சில மேடுகளின் உச்சிகள் மட்டுமே முட்டுகின்றன; கரண்ட் முழுவதும் அந்த உச்சிகள் வழியாகத்தான் நெரிசல்பட்டுப் போகவேண்டும். அந்த நெரிசல்தான் தொடுகைத் தடை. பெண் பின்னின் ஸ்பிரிங் அழுத்தம் நன்றாக இருந்தால் உச்சிகள் நசுங்கி முட்டும் இடம் கூடும், தடை குறையும். ஸ்பிரிங் தளர்ந்தாலோ, நடுவில் துருப்படலம் வந்தாலோ முட்டும் இடம் குறையும், தடை ஏறும்.

எவ்வளவு தடை என்றால் பிரச்சினை? இங்கேதான் எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் வந்தது.

ஒரு வயரில் 10 அம்பியர் ஓடுகிறது என்று வைப்போம். வெப்பம் என்பது கரண்டின் வர்க்கத்தைத் தடையால் பெருக்குவது. பத்தின் வர்க்கம் நூறு. புதுப் பின்னில் தடை 0.005 ஓம் என்றால் வெப்பம் அரை வாற்று. தொட்டால் கூடத் தெரியாது. அதே தடை 0.1 ஓமுக்கு ஏறினால் 10 வாற்று. பத்து வாற்றா, சின்னதுதானே என்று தோன்றும். பைக்கின் பழைய மாதிரி இன்டிகேற்றர் பல்ப் பல மொடல்களில் 10 வாற்றுத்தான். அதைக் கொஞ்ச நேரம் விடாமல் எரியவிட்டுத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். அந்தச் சூடு முழுவதும் சின்னவிரல் நகத்தளவு தகட்டில், காற்றுப் போக வழியில்லாத பிளாஸ்டிக் கூட்டுக்குள், கல்முனைக்குப் போய்ச் சேரும் வரைக்கும் இருக்கிறது என்று நினையுங்கள்.

மிச்சத்தைச் சூடே பார்த்துக்கொள்ளும். பின்னின் மேற்பரப்பு ஒட்சியேறிக் கறுக்கும். ஸ்பிரிங் தகடு முறுக்கிழந்து தளரும். இரண்டும் சேர்ந்து தடையைக் கூட்டும், கூடிய தடை சூட்டைக் கூட்டும். கப்ளர் பல வருடம் ஒன்றுமே காட்டாமல் இருந்துவிட்டு, பிறகு சில வாரத்துக்குள் உருகுவது இதனால்தான். நைலோன் உருகுவதற்கு 200 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும். உருகிய கப்ளரைக் கையில் எடுத்தால், பெற்றோல் டாங்குக்கு எவ்வளவு கிட்டத்தில் அவ்வளவு சூடு இருந்திருக்கிறது என்பதையும் ஒருதரம் யோசியுங்கள்.

லைற்றை நிறுத்திவைத்தால் இந்த வயர்களில் கரண்ட் குறையும், கப்ளர் தப்பும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். நம்மூரில் ஓடும் பல பைக்குகளின் ரெகுலேற்றரில் அது நடக்காது. குளத்தை நினைத்துப் பாருங்கள். மேற்கே மழை பெய்தால் உன்னிச்சைக் குளத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும். வயலுக்குத் தேவையில்லை என்பதற்காக ஆறு நிற்காது. குளம் நிரம்பினால் வான் பாயும். இந்த வகை ரெகுலேற்றரும் அப்படித்தான். ஸ்டேற்றர் தருகிற கரண்டை அது மறிப்பதில்லை. தேவைக்கு மேற்பட்டதைச் சுருக்குவழியில் ஸ்டேற்றருக்கே திருப்பி விடுகிறது. ஆகவே நீங்கள் லைற் போட்டாலும் போடாவிட்டாலும், ஹெட்லைற்றை எல்.இ.டி.க்கு மாற்றினாலும், மூன்று மஞ்சள் வயரிலும் கரண்ட் பெரிதாகக் குறையாது. பாவிக்காத கரண்டின் சூட்டை ரெகுலேற்றர் தன் முதுகில் வாங்கிக்கொள்ளும். புதிய சில பைக்குகளில் வருகிற தொடர்வகை ரெகுலேற்றர் உண்மையாகவே மறிக்கும். அவற்றில் கதை வேறு.

எங்கள் பக்கத்து உப்பு

கல்லடியில் ஒரு இரவு பைக்கை வெளியில் விட்டால், காலையில் கண்ணாடியை விரலால் துடைத்து நாக்கில் வைத்துப் பார்க்கலாம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவில் கிடக்கிற எழுவான்கரை முழுக்க உப்புக் காற்றுத்தான். உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழை பெய்யாத நாளிலும் பின்னின் மேல் ஒரு மெல்லிய ஈரப்படலம் இருக்கும். செம்பில் பச்சை பூப்பது அதனால்தான். மாரியில் வீதியில் முழங்காலளவு வெள்ளத்தில் ஓடுவது ஒரு வகை. கச்சான் காற்று அடிக்கிற ஆனி ஆடியில் எஞ்சின் சூடு ஆறவே ஆறாமல் இருப்பது இன்னொரு வகை.

எல்லாவற்றையும் விட மோசமாக நான் பார்த்தது மீன் வியாபாரிகளின் பைக்குகளில்தான். பின் சீற்றில் கட்டிய ஐஸ் பெட்டியிலிருந்து உப்புத்தண்ணீர் விடிய விடியச் சொட்டும். அது சீற்றுக்குக் கீழே ஓடி, சைட் கவருக்குள் இறங்கி, வயர்த் தொகுதி வழியாக வழிந்து, கப்ளருக்குள் போய்த் தேங்கும். அப்படி ஒரு பைக்கில் கப்ளரைக் கழற்றினால் பின் வரவில்லை. பச்சைப் பொடிதான் கொட்டியது. பெட்டிக்குக் கீழே ஒரு றபர் பாயை விரித்து, அதன் ஓரத்தை வெளிப்பக்கம் தொங்கவிட்டாலே பாதிக் கரைச்சல் தீரும்.

எப்படித் தெரியும்

ஹோன் கம்மும். செல்ஃப் காலையில் எடுக்கும், பகலில் இரண்டு மூன்று தரம் நிறுத்தி எடுத்த பிறகு எடுக்காது. இன்டிகேற்றர் போட்டால் மீற்றர் வெளிச்சம் கூடவே துடிக்கும். மூன்று வயரில் ஒன்று போனாலும் சார்ஜ் முழுதாக நிற்காது, குறையத்தான் செய்யும். அதனால்தான் ஆள் ஏமாந்து பற்றரியைக் குறை சொல்கிறார்.

கண்ணாலும் மூக்காலும் பார்ப்பதற்குக் காசில்லை. ரெகுலேற்றர் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்; சீற்றுக்குக் கீழேயோ, முன் சட்டத்திலோ, சைட் கவருக்குப் பின்னாலோ இருக்கும். அதிலிருந்து வரும் வயர்களைப் பிடித்துக்கொண்டே போனால் கப்ளர் வரும். நிறம் மாறியிருக்கிறதா, வயரின் தோல் விறைத்திருக்கிறதா, மடித்தால் வெடிக்கிறதா என்று பாருங்கள். இதை எஞ்சின் ஆறியபின் செய்யுங்கள். ரெகுலேற்றர் முதுகில் கை பட்டு நான் வாங்கிய கொப்புளம் ஒரு கிழமை இருந்தது.

அடுத்தது மல்டிமீற்றர், விஞ்ஞான ஆசிரியர் சொன்ன பல்மானி. மலிவானது போதும். முதலில் இரவு முழுக்க நின்ற பைக்கின் பற்றரி முனைகளில் வைத்துப் பாருங்கள். நல்ல பற்றரி 12.6க்கு மேல் காட்டும். எஞ்சினை எடுத்து, நடுத்தர வேகத்துக்கு முறுக்கிப் பிடித்தால் 13.8 முதல் 14.5 வரை ஏறவேண்டும். பதின்மூன்றையே தொடாவிட்டால் சார்ஜ் வரவில்லை. பதினைந்தைத் தாண்டினால் அது கப்ளர் அல்ல. ரெகுலேற்றர் பக்கம் பார்க்கவேண்டும்.

கப்ளரைச் சோதிக்கப் பலர் மீற்றரை ஓமில் வைத்து இரண்டு பக்கமும் தொடுகிறார்கள், "பூச்சியம், நல்லாத்தான் இருக்கு" என்கிறார்கள். அது பிழையான சோதனை. நாம் தேடுவது 0.1 ஓம். மலிவு மீற்றரின் இரண்டு வயரையும் ஒன்றோடொன்று முட்டவைத்தாலே 0.2, 0.3 என்று காட்டும். நோயை விட வைத்தியரின் தடை கூட.

சரியான வழி, கரண்ட் ஓடும்போது எவ்வளவு வோல்ற் வழியில் தொலைகிறது என்று பார்ப்பது. நேரோட்டப் பக்கத்துக்கு: எஞ்சின் ஓட, ஹெட்லைற் எரிய, மீற்றரின் ஒரு முனையை ரெகுலேற்றரிலிருந்து வெளியே வருகிற சிவப்பு வயரின் பின்னிலும், மறுமுனையைப் பற்றரி பிளஸ்ஸிலும் வையுங்கள். ஒரே வயரின் இரண்டு கரை, ஆகவே பூச்சியத்துக்குக் கிட்டத்தான் இருக்கவேண்டும். 0.2க்கு மேல் ஏறினால் நடுவில் எங்கோ அடைப்பு. அங்கே ஒரு வோல்ற் தொலைந்தால் ரெகுலேற்றர் கொடுக்கிற 14.2 பற்றரிக்கு 13.2ஆகத்தான் போய்ச் சேரும். பற்றரி ஒருநாளும் நிரம்பாது. என் இரண்டாவது பற்றரி செத்தது இப்படி அரைவயிற்றில் கிடந்துதான். மஞ்சள் வயருக்கும் இதே சோதனைதான், மீற்றரை ஆடலோட்ட வோல்ற்றில் வைத்து, ஒரே வயரில் கப்ளருக்கு முன்னும் பின்னும் தொட்டுப் பார்க்கவேண்டும். மூன்றில் ஒன்று மட்டும் மற்ற இரண்டை விடக் கூடக் காட்டினால் அதுதான் ஆள்.

கையோடு ஸ்டேற்றரையும் பார்த்துவிடுங்கள். எஞ்சினை நிறுத்தி, கப்ளரைக் கழற்றி, மஞ்சள் பின் ஒவ்வொன்றுக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவே ஓம் பாருங்கள், தொடர்பே இருக்கக்கூடாது. பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்து, மூன்று பின்னையும் இரண்டிரண்டாகத் தொட்டு ஆடலோட்ட வோல்ற் பாருங்கள். மூன்று இலக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் ஸ்டேற்றர் நலம். முறுக்கினால் ஐம்பது வோல்ற்றையும் தாண்டலாம், ஆகவே வெறும் பின்னில் விரலை வைக்காதீர்கள். ஸ்டேற்றர் சுட்டிருந்தால் கப்ளர் மாற்றிப் பயனில்லை.

வேலை

முதலில் பற்றரியின் மைனஸைக் கழற்றவேண்டும், அதன் பிறகுதான் பிளஸ். பெற்றோல் டெப்பை மூடுங்கள். போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஞாபகசக்தியை நம்பி நான் பட்ட பாடு போதும்.

கருகிய கப்ளரின் இரண்டு பாதியையும் வெட்டி எறிய வேண்டும். ஒரு பாதி நன்றாக இருக்கிறதே என்று அதை வைத்துக்கொள்ளக்கூடாது. அந்தப் பின்னும் அதே சூட்டைக் குடித்துத்தான் இருந்தது, அதன் ஸ்பிரிங் போய்விட்டது. தளர்ந்த பெண் பின்னுக்குள் புது ஆண் பின்னைச் செருகினால், கொஞ்ச நாளில் திரும்பவும் இதே கட்டுரையை வாசிக்க வருவீர்கள்.

வெட்டிய வயரின் தோலை உரியுங்கள். செம்பு புதுச் சதம் மாதிரி மினுங்க வேண்டும். கறுத்திருந்தால் இன்னும் இரண்டு சென்ரிமீற்றர் வெட்டி உரியுங்கள். அதுவும் கறுப்பென்றால் இன்னும் உள்ளே போங்கள். என் வயரில் ஆறு சென்ரிமீற்றர் போன பிறகுதான் செம்பின் நிறம் வந்தது. கறுத்த இழையில் உருக்கி ஒட்டுகிற ஈயமும் பிடிக்காது, பின்னும் சரியாகக் கவ்வாது. சான்ட் பேப்பரால் உரசி மினுக்கலாம் என்று பார்ப்பவர்கள் உண்டு. வெளி இழை மினுங்கும், உள்ளே உள்ளது கறுப்பாகவே இருக்கும்.

இவ்வளவு வெட்டினால் வயர் கட்டையாகிவிடும். ஒட்டுப்போட அதே பருமன் அல்லது அதைவிடத் தடித்த நூல்வயர் வேண்டும். பல இழை சேர்ந்த, வாகனங்களுக்கான மெதுவான வயர். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 1/1.13 துண்டு (1.13 மில்லிமீற்றரில் ஒரே கம்பி) மேசையில் கிடந்தால் அது கிடக்கட்டும். ஒற்றைக் கம்பி எஞ்சின் அதிர்வில் முறிந்துவிடும். ஏழு கம்பி உள்ள 7/0.67 பருமனில் போதும், இரண்டரைச் சதுர மில்லிமீற்றர் வரும், ஆனால் விறைப்பு. கடையில் வயர் வாங்கும்போது ஒரு இழையைப் பிளேட்டால் சுரண்டிப் பாருங்கள். வெளியே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அது செம்பு பூசிய அலுமினியம், வேண்டாம். வெளியே வெள்ளை, உள்ளே செம்பு என்றால் வெள்ளீய முலாம் பூசிய நல்ல செம்பு; கடற்கரைக்கு அதுதான் திறம்.

இனி இரண்டு வழி. புதுக் கப்ளர் போடலாம், அல்லது கப்ளரே இல்லாமல் நேராகப் பொருத்திவிடலாம்.

புதுக் கப்ளர் என்றால் றபர் சீல் உள்ளதைத் தேடுங்கள். பின் அகலம் பெரும்பாலும் 6.3 மில்லிமீற்றர். கடையிலேயே ஆணையும் பெண்ணையும் பூட்டிப் பாருங்கள். பெருவிரலை அழுத்தினால்தான் போகவேண்டும். வழுக்கிக்கொண்டு போவதை வாங்காதீர்கள். பின்னின் வாலில் இரண்டு சோடிச் சிறகு இருக்கும். முன் சோடி உரித்த செம்பைக் கவ்வ, பின் சோடி தோலைக் கவ்வ. பின் சோடி கரண்டுக்காக அல்ல. அதிர்வு வரும்போது இழுவை செம்பில் விழாமல் தோலில் விழுவதற்காக. பலர் இரண்டையும் சேர்த்துச் செம்பின் மேல் நசுக்கிவிடுகிறார்கள். சிறகு இரண்டும் இதயம் மாதிரி உள்ளே சுருண்டு இழைகளை அமுக்கவேண்டும், அதற்கென்று கிரிம்பிங் குறடு இருக்கிறது. சாதாரணக் குறட்டால் தட்டையாக நசுக்கினால் உள்ளே காற்று மிஞ்சும், பலாப்பழக் கதை மறுபடி தொடங்கும். நசுக்கிய பிறகு வயரைப் பிடித்து நன்றாக இழுங்கள். கழன்றால் இப்போதே கழன்றது நல்லது.

நேராகப் பொருத்துவதானால் ஈயம் பிடிப்பதா, நசுக்குக் குழாய் (இரண்டு வயர் நுனியையும் உள்ளே விட்டு நசுக்குகிற சின்ன உலோகக் குழாய்) போடுவதா என்று ஒரு பழைய வாதம் இருக்கிறது. ஈயத்தில் குறை என்னவென்றால் அது இழைகளுக்குள் ஏறி வயரைக் கம்பியாக்கிவிடும். ஈயம் முடிகிற விளிம்பில் அதிர்வுக்கு முறியும். அதோடு சாதாரண ஈயம் 190 பாகைக்குள் உருகிவிடும். ஆனாலும் இரண்டு வயரையும் முதலில் ஒன்றோடொன்று இறுகப் பின்னி, பிறகு ஈயம் பிடித்து, மூட்டுக்கு இரண்டு பக்கமும் அசையாமல் கட்டினால் வருடக்கணக்கில் நிற்கும். காக்கா அப்படித்தான் செய்கிறார். நான் நசுக்குக் குழாய்க் கட்சி. வயசான பைக்கில் மஞ்சள் மூன்றையும் கப்ளர் இல்லாமல் நேராகப் பொருத்திவிடுவதே நல்லது என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. எஞ்சின் இறக்கும் நாளில் வெட்டிக்கொள்ளலாம். அது எத்தனை வருடத்துக்கு ஒருதரம்?

சூடு காட்டினால் சுருங்கி மூட்டை இறுக மூடுகிற சுருங்கு குழாயை, வயர்களைப் பொருத்துவதற்கு முன்னமே கோர்த்து விடுங்கள். அழகாகப் பொருத்தி முடித்த பிறகு குழாய் மேசையில் கிடப்பதைப் பார்க்கிற அனுபவம் எல்லோருக்கும் ஒருதரமாவது வரும். உள்ளே பசை உள்ள குழாய் கிடைத்தால் அதையே வாங்குங்கள், தண்ணீர் போகாது. மூன்று மூட்டையும் ஒரே இடத்தில் வைக்காமல் மூன்று சென்ரிமீற்றர் தள்ளித் தள்ளி வையுங்கள். ஒன்றின் உறை பிய்ந்தாலும் பக்கத்தில் மூட்டு இருக்காது. கறுப்பு டேப்பை மட்டும் நம்பாதீர்கள். சூட்டில் அதன் பசை ஒழுகும், பிறகு டேப் தண்ணீரை உள்ளே பிடித்து வைக்கும் சாக்காகிவிடும்.

எந்த மஞ்சளை எந்த மஞ்சளோடு சேர்ப்பது? எப்படியும் சேர்க்கலாம். மூன்றும் ஒரே வேலையைச் செய்கிற ஆடலோட்ட வயர்கள். ரெகுலேற்றருக்கு வரிசை முக்கியமில்லை. மூன்றுக்கும் ஒரே நிறம் கொடுத்ததும் அதனால்தான். ஆனால் ரெகுலேற்றரிலிருந்து பற்றரிக்குப் போகிற பக்கம் அப்படியல்ல. அங்கே பிளஸ்ஸும் மைனஸும் மாறினால் பியூஸ் போகும், அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் ரெகுலேற்றரின் டயோட்டும் போகும். ஹொண்டாவில் பச்சைதான் மைனஸ் என்பதால் வீட்டு வயரிங் பழக்கத்தில் யோசிக்காதீர்கள்.

கப்ளர் போட்டவர்கள் பின்னிலும் றபர் சீலிலும் சிலிக்கோன் கிரீஸ் கொஞ்சம் தடவலாம். அது கரண்டைக் கடத்தாது, கடத்தவும் தேவையில்லை. உச்சிகள் முட்டுகிற இடத்தில் அது பிதுங்கி விலகிவிடும், பள்ளங்களில் நின்று உப்புத்தண்ணீரை மறிக்கும். வஸ்லின் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். பற்றரி முனைக்கு அது போதும். சூடேறுகிற கப்ளரில் உருகி ஓடிவிடும்.

கடைசியாக வயரைக் கட்டுகிற விதம். சைலன்சரிலிருந்தும் ரெகுலேற்றர் செதில்களிலிருந்தும் விலக்கிக் கட்டுங்கள். கப்ளருக்குள் போகுமுன் வயர் ஒருதரம் கீழே தொங்கி மேலே ஏறட்டும். மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், உள்ளே ஏறாது.

பற்றரியைப் பூட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் பிறகு. எஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றி 'சார்ஜ் இருக்குதா' என்று பார்க்கிற வித்தையை ஒருநாளும் செய்யாதீர்கள். பற்றரி இல்லாவிட்டால் வோல்ற்றளவு ஒரே பாய்ச்சலில் ஏறி, பல்பையும் மீற்றரையும் எரித்துவிடக் கூடும்.

நான் வேலை முடித்து, ஆரையம்பதி தாண்டிக் கிரான்குளம் வரைக்கும் ஓடிப் போய், ஓரத்தில் நிறுத்தி மூட்டுகளைத் தொட்டுப் பார்த்தேன். பக்கத்து வயரை விட ஒரு பொட்டுச் சூடும் கூடவில்லை. மீற்றர் 14.2. மூன்றாவது பற்றரி இப்போதும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

என் கருகிய கப்ளரைக் குப்பையில் போடக் கேட்டேன். காக்கா தரவில்லை. மேசை லாச்சியை இழுத்து அதற்குள் போட்டார். உள்ளே அதே போலப் பழுப்பு நிறத்தில், ஓட்டை உருகியவையாக இருபது முப்பது கிடந்தன. எதற்கு என்று கேட்டேன்.

"புதுப் பற்றரியோட வாறவனுக்குக் காட்ட" என்றார்.